சோபா வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க!

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இழுங்க!"

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கண்டக்டர் ஒரு சாண் மேலே வந்தார். பிறகு பிடி நழுவி, பழையபடி சோபாவுக்குள் போய்விட்டார்.

"விட்டுடுங்கம்மா. நான் இங்கேயே இருந்துக்கறேன். வீட்டுக்கு மட்டும் தகவல் சொல்லிடுங்க" என்றார் அவர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்க வந்த மனிதர். தன் முறை வரும்வரை கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் பிசியோதெரபிஸ்ட். பெரிய மருத்துவமனை ஒன்றில் வருகிறவர் போகிறவரையெல்லாம் "நிமிருங்க, நிமிருங்க" என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு நிமிருங்கம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அந்த வேலையைத்தான் போன மாதம் விட்டுவிட்டாள். ராஜினாமாவை வாங்கிக்கொண்ட தலைமை மருத்துவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "தனியா கிளினிக் வெக்கறேன்னு போறவங்க எல்லாரும் கொஞ்ச நாள்ல திரும்பி வந்து என் ரூம் வாசல்ல நிப்பாங்கம்மா. உன் நாற்காலியை எடுக்க வேணாம்னு சொல்லிவெக்கறேன்."

அந்த ஒரு வாக்கியம் அவளுக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்ட முள்ளாக இருந்தது. என்ன ஆனாலும் அந்த வாசலில் போய் நிற்பதில்லை என்று முடிவு கட்டி, வீட்டின் முன்னறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, சிகிச்சைக் கட்டில் போட்டு, சுவரில் கம்பி பொருத்தி, கிளினிக்கைத் திறந்தாள். பாக்கி இருந்தது நோயாளிகள் காத்திருக்க ஒரு சோபா. பார்த்துப் பார்த்து ஆர்டர் செய்தாள். கெட்டியான மெத்தை, உயரமான இருக்கை, பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மரக் கைப்பிடி, அழுக்குத் தெரியாத பழுப்பு நிறம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

வந்து இறங்கியது ஊதா. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கைப்பிடி என்ற பேச்சே இல்லை. மெத்தையோ, உட்கார்ந்தவரை அன்போடு உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில், நல்லபடியாக வந்தவரையும் எழுந்திருக்க முடியாமல் செய்யும் சோபா!

"இப்படி இழுத்தா முட்டி கழண்டு தனியா வந்துடும்" என்றார் கண்டக்டரின் இடது கையைப் பிடித்திருந்த அவள் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவர். பயம் வந்தால் அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். இப்போது தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சோபாவைப் பின்பக்கமாகத் தூக்கி, கண்டக்டரை முன்பக்கமாகக் கொட்டினார்கள்.

"இதை யாரு வாங்கி வெச்சது?" மூச்சு வாங்கக் கேட்டாள் நிமிருங்கம்மா.

"நான்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மூன்றாவது ஆளாக இழுத்துக்கொண்டிருந்த மாமனார்.

மாமனார் தபால் ஆபீசில் பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் காலத்தில் ஒரு பார்சல்கூட அனுப்பியவருக்கே திரும்பிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. வீட்டு வாசலில் யாராவது பொருளோடு நின்று "கையெழுத்து" என்று சொல்லிவிட்டால் போதும், பேனாவோடு பாய்ந்துவிடுவார்.

"நான் பழுப்பு நிறம்னு சொல்லியிருந்தேனே மாமா?"

"நிறம் பாக்கறது நம்ம வேலை இல்லம்மா. விலாசம் சரியா? வாங்க ஆள் இருக்கா? கையெழுத்து. முடிஞ்சுது."

நிமிருங்கம்மா போனை எடுத்தாள்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் முதலில் ஒரு வயலின் வாசிப்பார்கள். பிறகு, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வயலின். அவள் ஒரு நோயாளிக்குத் தோள்பட்டைப் பயிற்சி முழுவதையும் கொடுத்து முடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"நான் கேட்டது ஒண்ணு, வந்திருக்கறது வேற ஒண்ணு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டு, பணத்தைத் திருப்பிக் குடுங்க. இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

"உங்க சோபா நல்லபடியா டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதே மேடம்? கையெழுத்துகூட இருக்கு. ரொம்ப அழகான கையெழுத்து மேடம்."

"அது என் மாமனார்."

"அவருக்குச் சோபா பிடிச்சிருக்கா மேடம்?"

அரை மணி நேரம் வாதாடி, கேன்சலுக்குப் பதிவு செய்ய வைத்தாள். எடுத்துப்போக வண்டி வரும் என்றாள் அந்தப் பெண்.

சொன்னபடி வண்டி வந்தது. நிமிருங்கம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் முன்னறையில் ஊதா சோபா இரண்டாக இருந்தது.

"மாமா!"

"வந்தாங்க. விலாசம் சரியா இருந்துது" என்றார் மாமனார்.

மறுபடியும் போன். மறுபடியும் வயலின். "உங்க வீட்டு விலாசத்திலேருந்து புகார் வந்திருக்கு மேடம். அதுக்குத்தான் வேற சோபா அனுப்பியிருக்கோம்" என்றது குரல்.

"நான் வேற சோபா கேக்கவே இல்லையே!"

"பரவாயில்ல மேடம், எங்க கடமை."

போனில் பேசினால் இப்படித்தான், நேரில் போய்க் கிழித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார் கணவர். போகும்போது முகம் சிவந்திருந்தது. காலைக்கூட அழுத்தமாக எடுத்துவைத்தார். கடை மேனேஜர் அவரை உட்காரவைத்து, குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்து, குழந்தைகள் எத்தனை என்று விசாரித்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தமக்கு ரொம்ப நாளாக ஆசை என்றும் சொன்னாராம். சாயந்திரம் கணவர் ஒரு பெரிய மூட்டையோடு திரும்பி வந்தார்.

"பணமா?" என்றாள் நிமிருங்கம்மா ஆசையோடு.

"சோபாவுக்கு உறை" என்றார் அவர். "சாம்பல் நிறம். பாவம், இலவசமாவே குடுத்துட்டார். ஊதா நிறம்தானே உனக்குப் பிடிக்கல?"

அவள் மூட்டையை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த கணவரின் வலது கால் பிரேக்கைத் தேடியது.

ஆனாலும் உறைகளை மாட்டி வைத்தாள். திரும்பப் போகவேண்டிய பொருள் கசங்காமல், கறை படாமல் இருக்க வேண்டும் அல்லவா? பிறகு, நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள் என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

மூன்றாவது சோபா வந்தபோது மாமனாரிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே எது வந்தாலும் நீங்க கையெழுத்துப் போடக்கூடாது மாமா." வீட்டிலிருந்த பேனா, பென்சில் அத்தனையையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாமனார் சிறைக்குப் போனவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

நான்காவது சோபாவும் வந்து சேர்ந்தது.

"மாமா, கையெழுத்துப் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"போடலையே!" என்றார் மாமனார். மை படிந்த கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "கைநாட்டு வெச்சேன்."

இப்போது வீட்டின் நிலவரத்தைச் சொல்லவேண்டும். முன்னறையில் இரண்டு சோபா. நடு அறையில் ஒன்று. மாடிப்படி ஆரம்பிக்கும் நடையில் ஒன்று, இடமில்லாததால் செங்குத்தாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மூட்டையில் உறை மிச்சம் இருந்ததால் நாலும் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. சிகிச்சைக் கட்டில் சமையலறைக்குப் போய்விட்டது. இடுப்புவலிக்காரர்கள் அடுப்பைப் பார்த்தபடி குப்புறப் படுத்துப் பயிற்சி செய்தார்கள். குழம்பு கொதித்தால் அவர்களே அடுப்பைக் குறைத்தும் வைத்தார்கள். ஒரு தம்பதி உள்ளே வந்து உறையைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன விலைங்க?" என்று கேட்டார்கள்.

மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்த இளைஞருக்குத்தான் பெரிய கஷ்டம். அச்சகத்தில் ராத்திரி வேலை அவருக்கு. பகல் முழுவதும் தூக்கம். சாயந்திரம் வேலைக்குக் கிளம்பும்போது, நடையில் நின்ற சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு போவார். ஆனால் அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. எப்போதும் காதில் போன். எதிரில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே போவார்.

"இன்னும் எத்தனை நாளைக்குத்தாங்க நான் காத்துக்கிட்டு இருக்கறது? வரும் வரும்னுதான் சொல்றீங்க. ஒரு தடவையாவது கண்ணுல காட்டுங்க!"

"பாவம், பொண்ணு வீட்டுல பிடி குடுக்க மாட்டேங்கறாங்க போல" என்று மாமனார் உச்சுக்கொட்டுவார். "தம்பி, மனசைத் தளரவிடாதீங்க" என்று ஒருநாள் தைரியமும் சொன்னார்.

"விடமாட்டேங்க ஐயா" என்று போனைக் கையால் மூடிக்கொண்டு அந்த இளைஞர் கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவரவர் கவலை அவரவருக்கு. நிமிருங்கம்மாவின் கிளினிக்குக்கு ஆள் வருவது குறைந்தது. சமையலறையில் படுக்க எல்லாருக்கும் மனம் வருமா? ஒருநாள் காலையில் ஒருவர்கூட வரவில்லை. நாலு சோபா இருந்தும் எதிலும் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். மருத்துவமனையில் அந்தக் காலி நாற்காலி அவளுக்காகக் காத்திருப்பதை நினைக்க நினைக்க அழுகை இன்னும் கூடியது.

"பேசாம நாலையும் வித்துடலாமா?" என்றார் கணவர் மெதுவாக. "கட்டின பணத்துக்கு மேலயே வரும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பொருளா அது, விக்கறதுக்கு? நான் வாங்கின சோபா வரல. வந்த சோபா எதுவும் நான் வாங்கல. எனக்கு என் பணம் வேணும், என் இடம் வேணும். அவங்க பொருள்ல ஒரு ஆணிகூட வேண்டாம்."

அந்த நேரத்தில்தான் கண்டக்டர் வந்தார். அன்றைக்குச் சோபாவிலிருந்து கொட்டப்பட்டதற்குப் பிறகு அவர் நின்றுகொண்டேதான் பேசுவார்.

"போன்ல எத்தனை தடவை கேட்டீங்கம்மா?"

"கணக்கே இல்லை."

"அதான் தப்பு. என்னைக் கேளுங்க. சர்வீஸ் பூரா மீதிச் சில்லறை குடுக்காமலே ஓட்டினவன் நான். பணத்தைத் திருப்பிக் குடுக்காதவங்க மனசு எனக்கு நல்லாத் தெரியும். வாயால கேக்கறவங்களுக்கு, 'இறங்கும்போது வாங்கிக்கங்க'ம்பேன். மறந்துட்டு இறங்கிடுவாங்க. டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதி வாங்கினவங்களுக்கு மட்டும் முழுசா எண்ணிக் குடுப்பேன். எழுத்துல கேளுங்கம்மா. எழுத்துன்னா எங்களுக்குப் பயம்."

நிமிருங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆள். நூலகத்துக்குப் போய் நுகர்வோர் சட்டத்தைத் தேடிப் பிடித்துப் படித்தாள். படிக்கப் படிக்க, இத்தனை நாளாகத் தான் கெஞ்சிக்கொண்டிருந்ததெல்லாம் தனக்கு உரிமையாக வரவேண்டியது என்று புரிந்தது. கேட்ட பொருளுக்குப் பதில் வேறு பொருள் வந்தால் அதை மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதைத் திரும்ப எடுத்துப் போகிற செலவு விற்றவர் தலையில். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் கொட்டை எழுத்தில் அச்சடித்தாலும் அந்த உரிமை போய்விடாது. நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் இல்லாமல் தானே நின்று பேசலாம்.

"நாமே பேசலாமாமே!" என்றாள் கணவரிடம், ஏதோ பரிசு விழுந்ததைப் போல.

"நாமன்னா... நீதானே?" என்றார் அவர் ஜாக்கிரதையாக.

கம்பெனிக்கு முறைப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். நான்கு சோபாவையும் உறையைக் கழற்றிப் படம் எடுத்துக் கூடவே வைத்தாள். இத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மன்றத்தில் சந்திப்போம் என்று முடித்திருந்தாள். கண்டக்டர் சொன்னது பலித்தது. வயலின் வாசிக்காமல், கம்பெனி தானாகவே போன் செய்தது. இந்த முறை சமரசப் பிரிவிலிருந்து ஒரு தேன் குரல்.

"மேடம், உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்காக ஒரு சிறப்புக் கூப்பன் தரப்போறோம்."

"கூப்பனை வெச்சு என்ன வாங்கலாம்?"

"எங்ககிட்ட எந்தச் சோபா வேணும்னாலும் வாங்கிக்கலாம் மேடம்!"

நிமிருங்கம்மா அன்றைக்கே மன்றத்தில் மனுப் போட்டாள்.

விசாரணை நாள் வந்தது. மன்றம் என்றதும் கணவர் பெரிய தூண்களும் கூண்டும் இருக்கும் என்று நினைத்து வந்தார். அங்கே மின்விசிறி கிரீச்சிடும் ஒரு நீளமான அறையும், மேடைமேல் மூன்று நாற்காலிகளும், சுவரோரம் பெஞ்சுகளும்தான் இருந்தன. கண்டக்டர் சாட்சி சொல்லத் தலைவாரிக்கொண்டு வந்திருந்தார். மாமனாரையும் கூட்டி வந்திருந்தார்கள். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர யாருக்கும் தைரியம் இல்லை.

கம்பெனி வக்கீல் பெரிய ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே நுழையும்போது அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஓர் ஊதா சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமனார் ஆவலோடு எழுந்தார். கணவர் அவரைச் சட்டென்று பிடித்து உட்காரவைத்தார்.

"எங்க பொருளோட தரத்தை மன்றம் நேரடியா பாக்கட்டும்" என்றார் வக்கீல் சுற்றியிருந்தவர்களிடம். "எவ்வளவு சுகமான சோபான்னு நானே உட்கார்ந்து காட்டறேன்." கறுப்புக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு ஒய்யாரமாக உட்கார்ந்தார். மெல்ல உள்ளே போனார். முழங்கால் மார்புக்கு வந்தது.

நிமிருங்கம்மா தடுக்கலாம் என்று வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அதே சமயம் உள் கதவு திறந்தது. மன்றத் தலைவரம்மாவும் இரண்டு உறுப்பினர்களும் வந்தார்கள். அறையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வக்கீல் மட்டும் எழவில்லை.

தலைவரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

வக்கீல் எம்பினார். கோட்டு மட்டும் மேலே வந்தது. மறுபடி எம்பினார். இந்த முறை இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

"மன்றத்துக்கு எழுந்திருக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லையா?" என்றார் தலைவரம்மா.

"முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன் அம்மா" என்றார் வக்கீல் தீனமாக.

நிமிருங்கம்மா முன்னால் போனாள். "சார், பதறாதீங்க. ரெண்டு பாதத்தையும் பின்னால இழுங்க. முன்பக்கம் சாயுங்க. என் தோளைப் பிடிங்க. மூச்சை விட்டுக்கிட்டே... நிமிருங்க!" ஒரே இழுப்பில் வக்கீலை நிமிர்த்தி நிறுத்தினாள். பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள். கண்டக்டராகத்தான் இருக்கும்.

"முட்டிவலிக்காரங்க உட்கார நான் வாங்க நினைச்சது உயரமான, கெட்டியான, கைப்பிடி வெச்ச பழுப்புச் சோபா அம்மா" என்று அவள் மேடையைப் பார்த்துச் சொன்னாள். "வந்தது இது. ஒண்ணு இல்ல, நாலு. இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு?"

வக்கீல் இடுப்பைப் பிடித்தபடி விடாமல் வாதாடினார். "அவங்க கேட்டதைவிட இது உசத்தியான பொருள். ஒரு சோபா விலைக்கு நாலு சோபா கிடைச்சிருக்கு. நாலுக்கும் ஒப்புதல் இருக்கு. நஷ்டம் எங்களுக்குத்தான்!"

"உசத்தியோ மட்டமோ, கேக்காததைக் குடுத்துட்டுக் கேட்டதுக்கான பணத்தை வெச்சுக்க முடியாது இல்லையா அம்மா? வீடு தேடி வந்ததை ஒருத்தர் வாங்கி வெச்சார்ங்கறதால நான் அதை ஏத்துக்கிட்டதா ஆயிடுமா? வந்த அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கேன். எழுத்துலயும் குடுத்திருக்கேன். ஒரு நூல்கூடப் பிரியாம பத்திரமா வெச்சிருக்கேன்."

"வேண்டாம்னு சொன்னவங்களுக்கு ஏன் மேல மேல அனுப்பினீங்க?" என்று தலைவரம்மா கேட்டார்.

"அந்த விலாசத்திலேருந்து புகார் வந்துக்கிட்டே இருந்துது அம்மா. புகார் வந்தா எங்க கம்ப்யூட்டர் தானாவே இன்னொரு சோபாவை அனுப்பிடும்."

"பணத்தைத் தானாவே அனுப்பாதா அது?"

அறை முழுவதும் சிரித்தது. வக்கீல் இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

கடைசியாக அந்த ஒப்புதல்களைப் பார்த்த தலைவரம்மா, "இந்தக் கைநாட்டு யாரோடது?" என்று கேட்டார். மாமனார் எழுந்து கம்பீரமாகக் கும்பிட்டார். "என்னோடதுதாங்க. படிச்சவன்தான். பேனாவைப் பூட்டி வெச்சுட்டாங்க."

தீர்ப்பை எழுத ரொம்ப நேரம் ஆகவில்லை. கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நான்கு சோபாவையும் கம்பெனி தன் செலவில் எடுத்துப் போக வேண்டும். கிளினிக் படுத்துப்போனதற்கும் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு தர வேண்டும். வழக்குச் செலவு தனி.

வெளியே வந்ததும் நிமிருங்கம்மாவுக்கு ஒரு நிமிடம் கால் தரையில் பாவவில்லை. படித்த சட்டம், தூக்கம் கெட்டு எழுதிய மனு, சமையலறையில் பட்ட அவமானம் எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "நான் ஜெயிச்சுட்டேன்! யார் துணையும் இல்லாம நானே பேசி ஜெயிச்சுட்டேன்!" என்று தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னாள். கணவரின் வலது கால் அன்றைக்கு முதல் தடவையாகப் பிரேக்கைத் தேடவில்லை.

பின்னாலிருந்து யாரோ தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல்.

"அம்மா... அந்த இடுப்பு... உங்க கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

அந்த வார முடிவில் பணம் வந்தது. அடுத்த நாள் காலை லாரி வந்தது. நான்கு பேர் சேர்ந்து சோபாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எடுத்துப் போனதற்கு அவர்களிடமே நிமிருங்கம்மா கையெழுத்து வாங்கினாள். மாமனார் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார். பொருள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிற காட்சியை அவரால் பார்க்க முடியவில்லை.

சிகிச்சைக் கட்டில் சமையலறையிலிருந்து வீடு திரும்பியது. பக்கத்துத் தெருத் தச்சரிடம் சொல்லிச் செய்த உயரமான மரப் பெஞ்சைச் சுவரோரம் போட்டாள். கண்டக்டர் அதில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, "ரைட்!" என்று குரல் கொடுத்தார். மன்றத்தில் நடந்தது ஊரெல்லாம் பரவி, பெஞ்சு நிறைய ஆள். வாசலிலும் ஆள். முதல் டோக்கன் வக்கீலுக்கு.

அந்த நேரம் பார்த்துப் பழைய தலைமை மருத்துவரிடமிருந்து போன். "எப்படிம்மா போகுது? உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு."

"அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். எனக்கு இங்க உட்காரவே நேரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தொண்டையில் மாட்டியிருந்த முள் போன இடம் தெரியவில்லை. காலியாகக் கிடந்த நடையை, நடு அறையை, முன்னறையை ஒரு முறை சுற்றி நடந்து பார்த்தாள். தன் வீட்டில் கையை வீசி நடப்பது இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று இருந்தது.

சாயந்திரம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார் அச்சக இளைஞர். காதில் போன் இல்லை. முகமெல்லாம் பல்.

"தம்பி! பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?" என்று மாமனார் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணா? எந்தப் பொண்ணு ஐயா?" என்றார் அவர் குழப்பத்தோடு. பிறகு சிரித்தார். "நான் ஆசை ஆசையா ஆர்டர் பண்ணின ஊதா சோபா இத்தனை மாசமா வரவே இல்லைங்க, கேட்டா இந்த விலாசத்துல குடுத்தாச்சு குடுத்தாச்சுன்னே சாதிச்சாங்க, நானும் மன்றத்துக்குப் போய் இன்னைக்கு ஜெயிச்சுட்டேன், நஷ்டஈடா இன்னொண்ணும் சேர்த்து நாளைக்குக் காலையில ரெண்டு சோபா வருது... நான் தூங்கிட்டிருப்பேன், நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சுடுங்க ஐயா!"